உன் அப்பாவின் போன் தொலையவில்லை

கண்ணு கௌசல்யா,

இந்த நோட்டு உன்னுடையதுதான். கீழே பயிற்சி வகுப்பில் நீ கணக்குப் போட்ட நோட்டு. பின்னால் பாதிக்குமேல் வெறும் பக்கமாகக் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். நீ திங்கட்கிழமை கல்லூரிக்குப் போகிறாய். பெட்டியில் துணிக்கு அடியில் இதை வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி வைத்தால் நீ அங்கே போய்த் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். கோபம் வந்தால் அங்கே யாரிடம் காட்டுவாய்? அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் கையில் கொடுத்துவிட்டு நான் காட்டுக்குப் போய்விடுவேன். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன். அதற்குள் படித்துவிடு. வாயால் சொல்ல நாலைந்து தடவை ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் அடுப்பில் ஏதோ பொங்கிவிட்டதாக எழுந்து போய்விட்டேன்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். உன் அப்பாவின் போன் தொலையவில்லை. வண்டிக்கார மாணிக்கம் அதை எடுக்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது உனக்கு விளங்காது, எனக்கும் விளங்காது. முதலிலிருந்தே வருகிறேன். உனக்குத் தெரிந்த கதையும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்.

உன்னைக் கீழே அனுப்ப எனக்கு ஆரம்பத்தில் மனசே இல்லை. பன்னிரண்டாவது முடித்த மலைப்பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார் செய்கிற வகுப்பு, ஒரு வருசம் தங்கிப் படிக்க வேண்டும், சாப்பாடும் அவர்களே போடுவார்கள் என்று ரேவதி மிஸ் நம் வாசலில் உட்கார்ந்து சொன்னபோது, “அதான் பன்னண்டு படிச்சிட்டாளுங்களே, இன்னும் எதுக்குத் தயார் பண்ணோணும்?” என்று கேட்டேன். மிஸ் சிரிக்கவில்லை. “படிப்புல கொறை இல்லீங்கம்மா. இந்த மலையில இருந்து காலேஜுக்குப் போன புள்ளைங்க நெறயப் பேரு தீவாளி லீவுக்கு வந்தவங்க திரும்பிப் போறதில்ல. வாத்தியார்கிட்டக் கேக்கக் கூச்சம், ஃபாரம் நிரப்பத் தெரியல, ஆஸ்டல்ல யாரோ என்னமோ சொல்லிட்டாங்கன்னு பெட்டியத் தூக்கிட்டு வந்துடறாங்க. அதுக்குத்தான் இந்த ஒரு வருசம்” என்றார். உன் அப்பாதான், “ஒரு வருசந்தானே புள்ள. மொளகுக் கொடி காய்க்கவே மூணு வருசம் பொறுக்கறோம்” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அம்மா போட வேண்டிய இடத்தில் நானும் போட்டேன். போட்டேனே தவிர, அன்றைக்கு ராகி கிண்டும்போது கட்டி தட்டிப் போய்விட்டது.

பன்னிரண்டாம் நாள் நீ திரும்பி வந்து நின்றாய். சோளக்காட்டுச் சந்தையில் பஸ் இறங்கி, பையோடு நடந்தே வந்திருந்தாய். “ஏஞ்சாமி, லீவா?” என்று அப்பா கேட்டதற்கு, “அங்க காத்தாடி சத்தத்துல தூக்கமே வரலப்பா” என்றாய். அவரும் நம்புகிற மாதிரி தலையை ஆட்டினார். மறுநாள்தான் என்னிடம் சொன்னாய். இங்கிலீசு சொல்லித்தர வெளியிலிருந்து வந்த ஒரு சார், வகுப்பில் நின்றுகொண்டு, “மலையில என்ன சாப்பிடுவீங்க? தேனும் தினை மாவுமா?” என்று கேட்டாராம். எல்லாருமே மலைப்பிள்ளைகள்தான், கொல்லிமலை, பச்சமலை, கல்வராயன் மலை என்று. கடைசி பெஞ்சில் பச்சமலைப் பையன் ஒருத்தன் எழுந்து, “புரோட்டாங்க சார். பஸ் ஸ்டாண்டுல சூடாக் கெடைக்குமுங்க” என்றானாம். வகுப்பே சிரித்ததாம், நீ மட்டும் சிரிக்கவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு நீ அழுதாய். எனக்கு அந்தப் பையன்மேல் பிரியம் வந்தது. ஆனாலும் உன்னைத் தேற்றித் திருப்பி அனுப்ப நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோழி அடித்தேன். நீ திரும்பி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோசம். அதற்கு மறுநாள், என்னிடம் விசயத்தைக் கேட்டுக்கொண்ட அப்பா அந்த வருசத்துக் கடைசிப் பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, “வா, வாத்தியாருக்குப் பழம் குடுத்துட்டு வரலாம்” என்று உன்னைக் கூட்டிப் போனார். போனவர் தனியாகத்தான் திரும்பினார். பழத்தை அந்த இங்கிலீசு சார் கையிலேயே கொடுத்து, “தேன் காலியாப் போச்சுங்க சார், இதச் சாப்பிடுங்க” என்றாராம். அந்த சார் அப்புறம் உன்னிடம் நன்றாகப் பேசினார் என்று நீயே சொன்னாய்.

பெற்றோர் கூட்டம் என்று எங்களைக் கூப்பிட்டது உனக்கு நினைவிருக்கும். தை மாசம், மிளகு பறிக்கிற நேரம், ஆனாலும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தோம். நீ முன்னால் நின்று, பலாப்பழம் பழுத்துவிட்டதா என்று தட்டிப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை எல்லாருக்கும் விளக்கினாய். சனிக்கிழமைதோறும் ஒருத்தர் தனக்குத் தெரிந்த ஒன்றை மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது அங்கே வழக்கமாம். வீட்டில் நாலு பேர் வந்தாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள், அங்கே முப்பது பேருக்கு முன்னால் கையை ஆட்டிப் பேசினாய். அப்பா என்னை முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பெற்றவர்கள் எல்லாருக்கும் ஓர் அட்டை கொடுத்து, பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னார்கள். நான் அஞ்சாவது வரை படித்தவள், பேனா பிடித்து எத்தனையோ வருசம் ஆகிவிட்டது. ‘என் மகள் பயப்படாமல் இருக்கணும்’ என்று எழுதி முடிப்பதற்குள் மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நீ பக்கத்தில் நின்று, எழுத்து எதையும் திருத்தாமல் காத்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு நான் எழுதுவது இதுதான்.

விண்ணப்பம் போடுகிற நாளில் எல்லாரும் ஒரு போன் நம்பர் கொடுக்க வேண்டியிருந்தது. தன் நம்பரையே கொடுத்துவிடட்டுமா என்று மிஸ் கேட்டபோது, “எங்கப்பா நம்பர் இருக்குதுங்க மிஸ், அவரு போன கீழ வைக்கவே மாட்டாருங்க” என்று சொன்னாயாம். அப்பாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. அது ஒரு பட்டன் போன். முன்னால் பாட்டுக் கேட்கவும் டார்ச் அடிக்கவும்தான் அவருக்கு அது உதவியது. அதன் பிறகு சட்டைப் பையில் இருக்கிறதா என்று நிமிசத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வார். நம் வீட்டுக்குள்தான் சிக்னல் வராதே, வாசல் மூலையில் எப்போதாவது ஒரு புள்ளி வந்தால் உண்டு. சாயங்காலம் ஆனால் புதைமேட்டுக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறி நின்று, ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். நீ நுழைவுத் தேர்வில் தேறிவிட்டாய் என்ற மெசேஜ் வந்த அன்றைக்கு, அதைப் படிக்கத் தெரியாமலே சோளக்காடு முழுக்கக் காட்டினார். பலா ஏற்ற வந்த லாரிக்காரர் ஒருத்தர்தான் படித்துச் சொன்னாராம். அந்த ஆளுக்கு இவர் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து அதே சோளக்காட்டில், பழம் இறக்கிவிட்டு மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாணிக்கம்தான் தன் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். அங்கே பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அதே வண்டியில் வீட்டுக்கும் கொண்டுவந்தான். அந்த நாளைப் பற்றி அதிகம் எழுத எனக்குக் கை வரவில்லை. ஒன்றை மட்டும் எழுத வேண்டும். வண்டியிலிருந்து இறக்கிய பிறகு மாணிக்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, “அக்கா, அண்ணன் போனு. சட்டைப் பையில இருந்துச்சு” என்று என் கையில் வைத்தான். என் கையில்தான் வைத்தான். நான் வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

நம் ஊரில் மண்ணுக்குப் போகிறவர் இடுப்பில் சுருக்குப்பை கட்டி அனுப்புவது உனக்குத் தெரியும். வெற்றிலை, பாக்கு, ஒரு பிடி சாமை, அவர் கையோடு வைத்திருந்த ஏதாவது ஒரு பொருள். பையைக் கட்ட வேண்டியவள் பெண்டாட்டி. உள்ளே என்ன வைத்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது, கட்டியதைத் திரும்ப அவிழ்க்கவும் கூடாது. நான் பையைக் கட்டும்போது என் மடியில் அந்தப் போன் இருந்தது. நாலைந்து மாசமாக அவர் கீழே வைக்காத பொருள் அதுதான். வேறு எதை வைப்பேன்? பாக்கோடு பாக்காக உள்ளே வைத்துச் சுருக்கை இழுத்துவிட்டேன். உன் படிப்பு அதற்குள் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. நம்பர் என்பது ஆளோடு போகிறது, அவர் போனால் நீ வேறொரு நம்பரைச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் என் புத்தியில் இருந்தது. இதுவரைக்கும் நான் செய்தது தெரியாத்தனம். இதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. மறுபடி அந்த நிமிசம் வந்தாலும், தெரியாமல் இருந்தால் அதையேதான் செய்வேன்.

தெரிந்து செய்தது அதற்குப் பிறகுதான். அன்று சாயங்காலம் மேட்டில் அடக்கம் முடிந்து எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தோம். நீதான் திடீரென்று எழுந்து, “அம்மா, அப்பா போன் எங்க? காலேஜ் செலக்ட் பண்ண ஓடிபி அதுலதான் வரும்” என்றாய். சுற்றிலும் அத்தனை சொந்தக்காரர்கள். பையில் வைத்ததை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது ஒன்று. போனைப் போய் யாராவது புதைப்பார்களா என்று சிரித்துவிடுவார்கள் என்பது இன்னொன்று. “சோளக்காட்டுல விழுந்துருக்கும் கண்ணு” என்று சொல்லிவிட்டேன். நீ உன் சித்தப்பாவின் போனை வாங்கிக்கொண்டு, ஒரு புள்ளி சிக்னல் வருகிற வாசல் மூலைக்குப் போய் அப்பாவின் நம்பருக்கு அடித்தாய்.

“ரிங்கு போவுது சித்தப்பா! ரிங்கு போவுது!”

மண்ணுக்குள்ளும் போன் வேலை செய்யும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீ ஏழெட்டுத் தடவை அடித்தாய். ஒவ்வொரு தடவையும் முழுதாக அடித்து ஓய்ந்தது. “எவனோ வச்சிருக்கறான். எடுக்க மாட்டேங்கறான்” என்றார் உன் சித்தப்பா. மறுநாள் பால் ஊற்றப் போனபோது நான் கொஞ்ச நேரம் குனிந்து கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தால், போன் சுவிட்ச் ஆஃப் என்று வருகிறது என்றாய். “பாத்தியா, திருட்டுப் பய ஆஃப் பண்ணிட்டான்” என்று சித்தப்பா குதித்தார். அப்பாவைத் தொட்டுத் தூக்கினவன் யார் என்று பேச்சு போனது. மாணிக்கத்தைக் கூப்பிட்டு வரச் சொன்னார்கள்.

அவன் வந்து ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று சொன்னது ஒரே பேச்சுதான். “அக்கா கையிலதானுங்க குடுத்தேன்.” எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். “எனக்கு ஒண்ணும் நெனப்பில்லீங்க” என்றேன். மாணிக்கம் என்னை ஒரு தடவை பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. புருசனை இழந்து மூன்று நாள் ஆகாத பொம்பளையிடம் அவன் வழக்காட விரும்பவில்லை. “செரிங்க, அப்ப எங்கியோ விழுந்துருக்கும்” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அன்றிலிருந்து நம் ஊர்க்காரர்கள் அவன் வண்டியில் ஏறுவதில்லை. பலா ஏற்றக்கூட அவனைக் கூப்பிடுவதில்லை. நீ அவன் வண்டி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். அதை எத்தனையோ தடவை பார்த்துக்கொண்டே உன் பக்கத்தில் நடந்திருக்கிறேன்.

நீயும் சித்தப்பாவும் மலை இறங்கிச் சேந்தமங்கலத்தில் போன் கடைக்குப் போய் வந்தீர்கள். அதே நம்பருக்கு வேறு சிம் வேண்டும் என்றதற்கு, சிம் யார் பேரில் இருக்கிறதோ அவர் நேரில் வர வேண்டும் என்றாராம் கடைக்கார பாய். “அவரு வர்ற எடத்துல இல்லீங்க பாய்” என்றாராம் சித்தப்பா. பாய் எழுந்து வந்து உன்னை உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, நாலு இடத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார் என்று சொன்னாய். இறப்புச் சான்று வேண்டும், வாரிசுக்கு ஒரு தாள் வேண்டும், அதெல்லாம் வர நாளாகும். ரேவதி மிஸ்ஸும் ஆபீசுக்கு எழுதிப் பார்த்தார். கல்லூரி தேர்ந்தெடுக்கிற கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. அப்புறம் இரண்டு நாள்.

அப்பா போன ஐந்தாம் நாள் மத்தியானம் நீ தூங்கிவிட்டாய். நான் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். உனக்கு இது தெரியாது. மண் இன்னும் இறுகியிருக்கவில்லை. ஊர்க்கவுண்டரிடம் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் நாலு பேரை அனுப்பியிருப்பார். திட்டியிருப்பார், ஆனால் அனுப்பியிருப்பார். அவர் பேத்தியும் உன்னோடு அதே வகுப்பில் படித்தவள்தானே. களைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். பொய் வெளியே வந்துவிடும் என்ற பயம் பாதி. கட்டின பையை அவிழ்த்தால் அவருக்கு ஆகாது என்ற பயமும் கொஞ்சம் இருந்தது. இந்த இரண்டை மட்டும் சொல்லி முடித்துவிடத்தான் இந்த ஒரு வருசமாக நினைத்தேன். மூன்றாவது ஒன்று இருக்கிறது. இந்தத் தேதி போய்விட்டால் நீ போக மாட்டாய், அந்த வீட்டில் நான் தனியாக இருக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. நீ பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தபோது கோழி அடித்தேன் என்றேனே, அதே சந்தோசம். அந்த இடத்தில், அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு அப்படி நினைத்தேன். களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

தேதி போயிற்று. நீ கோபப்படவில்லை. “என் தப்புதாம்மா. மிஸ் நம்பரையே குடுத்துருக்கோணும்” என்றாய். ஒரு தடவை சொன்னால் பரவாயில்லை. களை எடுக்கும்போது சொன்னாய், மரவள்ளி பிடுங்கும்போது சொன்னாய், அத்தை வந்து விசாரித்தபோது சொன்னாய். உன்னோடு படித்த பிள்ளைகள் கல்லூரியிலிருந்து போட்டோ அனுப்பினார்கள் என்று சித்தப்பாவின் போனை வாங்கிப் பார்த்துவிட்டு அப்போதும் சொன்னாய். ஐப்பசி முழுக்க நீ என் பக்கத்தில்தான் இருந்தாய், நான் ஆசைப்பட்ட மாதிரியே. ஆனால் நீ பாதிச் சோற்றில் எழுந்து போனாய். ராகிக் களியில் கை வைத்தபடியே எதையோ யோசிப்பாய். உன்னை வைத்துக்கொண்டும் அந்த வீட்டில் நான் தனியாகத்தான் இருந்தேன்.

கார்த்திகையில் ரேவதி மிஸ் உன்னைத் திரும்ப வகுப்புக்குக் கூப்பிட மலை ஏறி வந்தார். இந்தத் தடவை அப்பா இல்லை, சொல்ல வேண்டியவள் நான்தான். நீ, “அம்மா தனியா இருக்குதுங்க மிஸ், மொளகு வேற பறிக்கோணும்” என்று என்மேல் பாரத்தைப் போட்டாய். நான், “மொளகு நான் பறிச்சுக்குவேன், நீ போ சாமி” என்றேன். நீ நம்பாமல் பார்த்தாய். எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது. அந்தத் தையில் தனியாகத்தான் பறித்தேன். ஒற்றை மூங்கில் ஏணியைத் தூக்கி மரத்துக்கு மரம் சாத்துவதுதான் கொஞ்சம் சிரமம், மற்றபடி முடிந்தது. மாசியில் மூட்டை கட்டியபோது நீ இல்லாமல் இது நடந்ததே என்று எனக்கே ஆச்சரியம். அதனால் என்னைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். இது சமாதானத்துக்குச் சொல்வதில்லை, பறித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இரண்டாம் தடவை நீ அங்கே வேறு ஆளாக இருந்தாய் என்று மிஸ் சொன்னார். புதிதாகச் சேர்ந்திருந்த பிள்ளைகளுக்கு, நீ போன முதல் வாரமே நீதான் சொல்லிக்கொடுத்தாயாம், இரண்டு நம்பர் கொடுங்கள், ஒன்று வீட்டில் இருக்கட்டும், ஒன்று மிஸ்ஸிடம் இருக்கட்டும் என்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்த கல்வராயன் மலைப் பெண்ணைப் பஸ் ஸ்டாண்டு வரை போய்க் கூட்டி வந்தாயாம். வகுப்பில் புரியாவிட்டால் கையைத் தூக்குகிறாயாம். கல்லூரியிலும் அப்படியே தூக்கு. உன் பேச்சைக் கேட்டு யாராவது சிரித்தால், அந்தப் பச்சமலைப் பையனை நினைத்துக்கொள். நான் எனக்கென்று ஒரு பட்டன் போன் வாங்கினேன், உன் விண்ணப்பத்தில் இரண்டாவது நம்பராக அதைப் போட்டாய். மெசேஜைத் திறக்க எனக்கு உன் சித்தப்பா மகன் மூன்று நாள் பழக்கிவிட்டான். எனக்கு இங்கிலீசு எழுத்து தெரியாது, எண் தெரியும். மிளகு எடை போடுகிற இடத்தில் எத்தனை வருசம் நின்றிருக்கிறேன்.

போன மாசம் நீ மிஸ்ஸின் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஆபீஸ் போனிலிருந்து எனக்குக் கூப்பிட்டாயே, மிஸ்ஸின் போன் அன்றைக்குப் பார்த்து ரிப்பேர் என்று. “அம்மா, ஓடிபி உனக்குத்தான் வரும். எங்க நிக்கற? சிக்னல் இருக்குதா?” என்றாய். “மேட்டுல நிக்கறேன், நல்லா இருக்குது” என்றேன். வந்தது. ஆறு எண். ஒவ்வொன்றாகச் சொன்னேன். “இன்னொருக்கா சொல்லும்மா” என்றாய், சொன்னேன். அந்தப் பக்கம் நீயும் மிஸ்ஸும் கத்தினது கேட்டது. எந்த மேடு என்று நீ கேட்கவில்லை. அப்பா ஏறி நிற்கிற பாறைதான். கீழே பார்த்தால் அவர் இருக்கிற இடம். ஆறு எண்ணையும் முதலில் அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் உனக்குச் சொன்னேன். அதனால்தான் கொஞ்சம் தாமதம்.

அன்றைக்கே உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஆனால் உனக்கு முன்னால் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தன் இருந்தான். போன வாரம் சோளக்காட்டுச் சந்தையில் அவன் வண்டிப் பக்கம் போனேன். “மாணிக்கம், நீ போன என் கையிலதான் குடுத்த. நான் அவரு பையில வச்சுக் கட்டிட்டேன்” என்றேன். அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பதை நிறுத்தவில்லை.

“தெரியுமுங்க்கா.”

“தெரிஞ்சுமா ஒரு வருசமா சும்மா இருந்த?”

“சொன்னா என்ன பண்ணுவாங்க? அண்ணனத் தோண்டுவாங்க. தூக்கிட்டு வந்தவனே தோண்டச் சொல்றதா?” அப்புறம் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, “ஆனா அக்கா, உங்க ஊர்ச் சனம் என் வண்டிய எழவு ஊட்டு வண்டி மாதிரி பாத்துதே, அதுதான் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு. பலா சீசனே போயிருச்சு” என்றான். நான் அங்கேயே சந்தைக்கு நடுவில் நின்று அழுதேன். “அட, அழுவாதீங்க்கா, யாவாரம் கெட்டுரும்” என்று பக்கத்துக் கடையிலிருந்து முக்காலி வாங்கிப் போட்டான். ஊர்க்கவுண்டரிடமும் அன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. பேசி முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடும்போது மாணிக்கத்தைக் கூப்பிட்டு, ஊர் செய்த தப்புக்கு ஈடாகத் தானே வெற்றிலை கொடுப்பதாகச் சொன்னார். நீ இதைப் படிக்கிறபோது அது நடந்துகொண்டிருக்கும். நான் காட்டுக்குப் போகிறேன் என்றது பொய். அங்கேதான் இருப்பேன். ஊருக்கு முன்னால் நானும் வாய் திறந்து சொல்ல வேண்டும். இதுதான் நான் உன்னிடம் சொல்லுகிற கடைசிப் பொய், இந்தப் பக்கத்திலேயே அதையும் எடுத்துவிட்டேன்.

நீ என்னிடம் பேசாமல் போனாலும் போ. ஆனால் போ. நான் கெடுத்த ஒரு வருசத்துக்கு என்னிடம் என்ன சொல்ல வேண்டுமோ அதைத் தீபாவளிக்கு வந்து சொல்லு, இப்போது வேண்டாம். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு பெட்டியைக் கீழே இறக்காதே. இனிமேல் என் தப்பு என்று மட்டும் சொல்லாதே. நீ கொடுத்த நம்பர் சரியான நம்பர்தான். அவர் கடைசி வரைக்கும் அதைக் கீழே வைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மாணிக்கம் வண்டி நம் வாசலுக்கு வரும். சேந்தமங்கலம் வரை அவனே கொண்டுவந்து விடுகிறேன் என்றிருக்கிறான். பெட்டியைப் பின்னால் போட்டுவிட்டு நீ முன் சீட்டில் உட்கார். அவனிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, ‘மாமா’ என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும். மலையில் வளைவு எழுபது இருக்கிறது. அதில் எங்கேயாவது ஒரு வளைவில் கூப்பிட்டுவிடு.

அம்மா